ஒருத்தர் மட்டும் பேசுங்க

அத்தியாயம் பதினொன்று

சாந்தாமணி உள்ளே நுழைந்தபோது மூன்று ஆண்கள் அவள் மகள் மேல் ஏறி அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் கால்மாட்டில். ஒருவன் இடுப்பின் மேல். மூன்றாமவன் தோள்பட்டையை முழங்கையால் அழுத்தியிருந்தான். பிரவீனா கட்டிலில் குப்புறக் கிடந்தாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் பாவு நூலால் கட்டப்பட்டிருந்தன. தலையணையில் வாய் புதைந்து, கத்தல் ஊமையாக வந்தது.

சாந்தாமணி இடுப்பில் இருந்தவனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிடா."

சோமனூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தாள். விடியற்காலை சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவள், முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தால் வீடு திறந்து கிடந்தது. பிள்ளை இல்லை. புருஷன் இல்லை. "வேன்ல ஏத்திக் கோயமுத்தூரு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. உன்ற மச்சாண்டாருதான் முன்னால உக்காந்திருந்தாரு" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். மடியில் இருந்த பால் காசோடு அப்படியே பஸ் ஏறிவிட்டாள். காலில் சாணி கூடக் கழுவவில்லை.

மச்சாண்டார் அரங்கசாமி சுவரோரம் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அவருடைய தம்பி, சாந்தாமணியின் புருஷன் தம்பிதுரை. அவன் மனைவியைப் பார்க்கவில்லை.

"சாந்தாமணி, நீ வெளிய இரு. நாங்க பாத்துக்கறோம்" என்றார் அரங்கசாமி.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணந்தானுங்களா மாமா இது?"

கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து அவள் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. பேசிவிட்டாள். பூமி பிளக்கவில்லை.

எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அரங்கசாமி தம்பியைப் பார்த்துக் கத்தினார். தம்பிதுரை மனைவியைப் பார்த்துக் கத்தினான். பிடித்திருந்த தறிக்காரர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்து "காலப் புடி, காலப் புடி" என்று கத்தினார்கள். தறிக்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. இருபத்து நாலு தறி ஓடும் குடோனில் பிறந்து வளர்ந்த தொண்டை.

அந்தத் தறிகள் நின்று இன்றைக்குப் பதினெட்டு நாள். கூலி உயர்வு கேட்டு ஊரே நிறுத்தியிருந்தது. சங்கத் தலைவர் அரங்கசாமிதான். தினமும் அவர் வீட்டில் கூட்டம்.

பிரவீனாவுக்குப் பதிமூன்று வயது. பேச்சு வரவில்லை. கோபம் வந்தால் முன்பும் கத்துவாள். அப்போது தறி ஓடியது, யாருக்கும் கேட்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை தொடங்கி நாலு நாளாகக் கத்துவது தெருக்கோடி வரை கேட்டது. சங்கக் கூட்டத்திலும் கேட்டது.

"யாரு கவுத்துப் போட்டது?"

கேட்டது ஒரு பெண். சின்ன வயது. வெள்ளைக் கோட்டுக்குள் முக்காடு செருகியிருந்தது. அவள் குரலைக் கூட்டவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை அதே குரலில் கேட்டாள்.

"டாக்டரம்மா கேக்கறாங்கல்ல, புள்ளையக் கவுத்துப் போட்டது யாருன்னு" என்று வாசலிலிருந்து ஆயா கருப்பாத்தாள் ஒரு சத்தம் போட்டாள். கூட்டம் அடங்கியது. "நீங்க மெல்லக் கேட்டா இவங்களுக்கு ஏறாதுங்க ஃபஹீமாம்மா. தறிக்காரங்க."

"கடிக்க வாராளுங்க" என்றான் தோளை அழுத்தியவன்.

"விடுங்க. பக்கவாட்டுல திருப்புங்க. கவுத்துப் போட்டு மேல ஏறி உக்காந்தா மூச்சு அடைச்சுரும். உதட்டப் பாருங்க."

பிரவீனாவின் உதடு நாவல்பழம் தின்றவள் உதடு போல இருந்தது. பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். டாக்டரும் சாந்தாமணியும் அவளைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். ஒரு நீண்ட மூச்சு உள்ளே போனது. அடுத்த நொடி அலறல் முழுசாக வெளியே வந்தது.

"இனி இங்க ஒருத்தர் மட்டும் பேசுங்க" என்றாள் டாக்டர். "மத்தவங்க வெளிய."

"யாருங்க அந்த ஒருத்தர்?" என்று அரங்கசாமி ஓரடி முன்னால் வந்தார். பதினெட்டு நாளாக ஊருக்கே அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பிரவீனாவைப் பார்த்தாள். பிரவீனாவின் கண் சாந்தாமணியின் சேலையை விட்டு நகரவில்லை.

"புள்ளை யாரப் பாக்குதோ அவங்க."

"அதெல்லாம் வேண்டாமுங்க. ஒரு ஊசியப் போட்டு அமத்துங்க. புத்தி சரியில்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. நாங்க கெளம்பறோம்."

"சீட்டு எதுக்கு?"

"ஒரு எடத்துல கேக்கறாங்க."

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றித் தட்டோடு தயாராக நின்றிருந்தாள். "இதுக்கு முன்னால ஏதாவது மருந்து, ஊசி குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டாள்.

"இல்லீங்க" என்றார் அரங்கசாமி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

தம்பிதுரை தரையைப் பார்த்தான்.

"ஊசி கொஞ்சம் இருக்கட்டும்" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னாள்.

"இந்த டாக்டரம்மாவுக்கு என்ன வயசிருக்கும்?" என்று அரங்கசாமி ஆயாவிடம் கேட்டார். "பெரிய டாக்டரு யாருமில்லியா?"

"உங்க தறியில ஊடை போடற பசங்களுக்கு என்ன வயசுங்க மொதலாளி?" என்றாள் கருப்பாத்தாள். "நடங்க, நடங்க. வெளிய பெஞ்சு கெடக்குது."

அவர்கள் போனார்கள். கடைசியாகத் தம்பிதுரை போனான்.

திரையை இழுத்துவிட்டார்கள். கட்டிலுக்கு மேலிருந்த டியூப்லைட்டை அணைத்தார்கள். டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, முக்காலியை எட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டிலில் கிடப்பவளைவிடத் தணிவாக.

"கிட்ட போகாதீங்க. தொடாதீங்க. நிறையக் கேள்வி கேக்காதீங்க. உங்க பேரு?"

"சாந்தாமணிங்க."

"குரல இன்னும் கொறைங்க."

சாந்தாமணி குறைத்தாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"உடம்புக்கு ஏதாச்சும் முடியலைன்னா இவ எப்படிச் சொல்லுவா?"

"பேச்சு வராதுங்க."

"வராதுன்னு தெரியுதும்மா. எப்படிச் சொல்லுவா?"

"கையில" என்றாள் சாந்தாமணி.

சொல்லிவிட்டு மகளின் கட்டிய கைகளைப் பார்த்தாள்.

தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. குடோனில் எல்லாப் பேச்சும் கைதான். இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்தது. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் எந்தத் தறி. பெருவிரலை உதட்டில் வைத்தால் டீ. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. குடோன் மூலையில் தொட்டில் கட்டி வளர்த்த பிரவீனா அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டாள். அதைத்தான் கடைசியாகவும் கற்றுக்கொண்டாள்.

"கையிலதானுங்க பேசுவா" என்றாள் சாந்தாமணி. "அந்தக் கையத்தான் கட்டிப்போட்டிருக்கானுங்க."

"அவுத்தா உங்களத்தான் மொதல்ல அடிப்பா."

"அடிக்கட்டும்."

"நீங்க திருப்பி அடிக்கக் கூடாது. புடிக்கவும் கூடாது. கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காரணும். முடியுமா?"

சாந்தாமணி தலையாட்டினாள். பத்து நாளைக்கு முன்னால் தலை பின்ன விடவில்லை என்று பிரவீனாவின் முதுகில் நாலு அறை வைத்ததை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை.

கருப்பாத்தாள் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். எட்டு இழை பாவு நூலைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தது. கஞ்சி போட்ட நூல். வேர்வையில் நனைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. சாந்தாமணி முடிச்சைப் பார்த்தாள். அறுந்த இழையை இணைக்கும்போது தம்பிதுரை இடது பெருவிரலை மடக்கிப் போடும் முடிச்சு. குடோனில் வேறு யாருக்கும் அது வராது.

மச்சாண்டார் கட்டவில்லை. பெற்றவன் கட்டியிருக்கிறான்.

முடிச்சை விட்டுவிட்டு நூலை வெட்டினாள்.

முதல் அடி மூக்கில் விழுந்தது. எலும்பு சத்தம் போட்டது. இரண்டாவது காதோரம். சாந்தாமணி இன்னொரு முக்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு வந்து, அங்கிருந்து சேலையில் சொட்டியது. துடைக்கவில்லை.

"அப்படியே இருங்க" என்றாள் டாக்டர். "நல்லாப் பண்றீங்க."

பிரவீனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். சுவரோடு ஒண்டினாள். மூச்சு நாய்க்கு வாங்குவது போல வாங்கியது. வலது கையால் தன் தலையின் பக்கத்தில் அறைந்துகொண்டாள். ஒரு முறை. இன்னொரு முறை. நாலு நாளாக இதைத்தான் செய்கிறாள். தன்னைத் தானே அடித்துக்கொள்கிறாள் என்று ஒவ்வொரு முறையும் யாராவது கையைப் பிடித்தார்கள். சாந்தாமணியும் பிடித்தாள்.

இந்த முறை யாரும் பிடிக்கவில்லை.

சாந்தாமணி மடியிலிருந்து ஒரு கையை மெல்லத் தூக்கினாள். ஆள்காட்டி விரலைச் சுழற்றினாள். எந்தத் தறி?

பிரவீனா பார்த்தாள்.

மறுபடியும் சுழற்றினாள்.

பிரவீனாவின் விரல்கள் வீங்கியிருந்தன. இரண்டு விரலைச் சேர்க்க அவளுக்கு மூன்று முயற்சி ஆனது. சேர்த்தாள். வெடுக்கென்று பிரித்தாள். அறுந்துருச்சு. பிறகு உள்ளங்கையால் வலது காதில் அறைந்தாள்.

அறுந்துருச்சு. காது. அறுந்துருச்சு. காது.

"காதுல ஏதோ கோளாறுங்கறா" என்றாள் சாந்தாமணி. ரகசியம் போலச் சொன்னாள்.

டார்ச்சைக் காட்ட அரைமணி நேரம் பிடித்தது. முதலில் டாக்டர் அதைத் தன் கைமேல் அடித்துக் காட்டினாள். பிறகு கருப்பாத்தாளின் காதில். கருப்பாத்தாள் நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றாள். பிறகு பிரவீனாவே டார்ச்சை வாங்கி அம்மாவின் காதில் அடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் முடியை ஒதுக்க விட்டாள்.

பத்து நாளாகச் சீவாத முடி. அதற்கடியில் காது இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. காதுக்குப் பின்னாலும் சிவப்பு. சீழ் காய்ந்து முடியோடு ஒட்டியிருந்தது. ஓட்டைக்குள் ஆழத்தில் அழுக்கு நிறமாக ஒன்று.

"உள்ள பஞ்சு இருக்கு" என்றாள் டாக்டர்.

சாந்தாமணிக்கு எல்லாம் ஒரே வரியில் புரிந்தது.

தினமும் காலையில் தறியை ஓட்டும் முன் தம்பிதுரை எண்ணெயில் தோய்த்த பஞ்சைப் பிள்ளையின் இரண்டு காதிலும் வைப்பான். தறியை நிறுத்தும்போது எடுப்பான். எட்டு வருஷமாகச் செய்கிறான். அவன் வேலை அது. பதினெட்டு நாளைக்கு முன் மத்தியானம் சங்கத்து ஆட்கள் வந்து, நிறுத்து என்றார்கள். பாதி ஓட்டத்தில் தறிகள் நின்றன. ஆண்கள் எல்லாம் கூட்டத்துக்குப் போனார்கள். ராத்திரி வந்தவன் நிறுத்துவதற்குத் தறி இல்லை. பஞ்சை எடுக்கவும் நினைப்பில்லை. ஒரு பக்கத்துப் பஞ்சு தானாக விழுந்திருக்கும். இன்னொன்றை அவள் விரலால் நோண்டி நோண்டி உள்ளே தள்ளியிருக்கிறாள்.

தறிச் சத்தம் நின்றதால் பிள்ளைக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று ஊர் சொன்னது. சாந்தாமணியும் அதை நம்பினாள்.

"காய்ச்சல் நூத்திரண்டு இருக்கு. இது வலிம்மா. பல நாளா வலி. எனக்கிருந்தா நானும் கடிப்பேன்" என்றாள் டாக்டர்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்தைக் கரண்டியில் கொண்டுவந்தார்கள். சாந்தாமணி தான் ஒரு சொட்டு நக்கிக் காட்டிவிட்டுக் கொடுத்தாள். பிரவீனா குடித்தாள். கத்தல் முனகலாகத் தேய்ந்தது.

"பஞ்ச எடுக்க காது டாக்டர் பதினோரு மணிக்கு வருவார். உள்ள குறடு போகும்போது அசையக் கூடாது, தூங்க வெச்சுத்தான் எடுக்கணும்." டாக்டர் பிரவீனாவின் பாவாடை ஓரத்தைத் துளி விலக்கினாள். இடுப்பில் இரண்டு சின்னப் பஞ்சுத் துணுக்கு, பிளாஸ்திரியோடு. "திருப்பும்போதே பாத்தேன். ரெண்டும் இன்னைக்குப் போட்டது. என்ன ஊசின்னு தெரியாம நான் மேல மருந்து குடுத்தா மூச்சு நின்னு போகலாம். வெளிய இருக்கற பெரியவரு போடவேயில்லைங்கறாரு."

சாந்தாமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ரத்தம் கன்னத்தில் இழுவியது.

"வாரேன்" என்றாள்.

தாழ்வாரத்து பெஞ்சில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் தம்பிதுரை எழுந்தான்.

"பாத்தியா, அடிச்சுப்போட்டாளா? அதுக்குத்தான் கட்டினது" என்றார் அரங்கசாமி.

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க. காதுல பஞ்சு இருக்குதுங்க."

அவனுக்குப் புரியவில்லை.

"நீங்க வெச்ச பஞ்சு. தறி நின்னன்னைக்கு எடுக்காம போனீங்களே, அது. சீழ் புடிச்சு அழுகியிருக்குது. அதுக்குத்தான் கத்தினா. அதக் கையில சொல்ல வந்தவளத்தான் கையக் கட்டியிருக்கீங்க."

தம்பிதுரை தன் உள்ளங்கையைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

"அழுவறது அப்பறம்" என்றாள் சாந்தாமணி. "வழியில என்ன ஊசி போட்டீங்க?"

"யாரும் எதுவும் போடலைன்னு சொல்லிப்போட்டேனே" என்றார் அரங்கசாமி. "சும்மா நோண்டாத அம்மணி. ஆம்பளைங்க பேசிக்கறோம்."

"நீங்க பேசாதீங்க மாமா. உள்ள டாக்டர் சொல்லியிருக்காங்க, ஒருத்தர் மட்டும் பேசணும்னு. அவரு பேசட்டும்."

"தம்பி" என்றார் அரங்கசாமி.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல் போதும். சொத்துப் பேச்சிலும், சம்பந்தப் பேச்சிலும், குடோன் எங்கே கட்டுவது என்பதிலும் அந்தச் சொல் விழுந்தால் தம்பிதுரை வாயை மூடிக்கொள்வான். நாற்பது வருஷப் பழக்கம்.

சாந்தாமணி காத்திருந்தாள். உள்ளே மகள் முன்னால் காத்திருந்தது போல அல்ல. இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கருமத்தம்பட்டியில" என்றான் தம்பிதுரை. "ரெண்டு ஊசி. ஒண்ணு போட்டும் அடங்கலைன்னு அரைமணி கழிச்சு இன்னொண்ணு. வெளிய சொல்ல வேண்டாம்னு அந்த டாக்டர் கேட்டுக்கிட்டாரு. அண்ணனுக்குப் பழக்கம். மருந்துச் சீட்டு அண்ணன் சட்டைப் பையில இருக்குது."

"டேய்."

அரங்கசாமி எழுந்தார். கை சட்டைப் பைக்குப் போயிற்று. சாந்தாமணியின் கை முன்னால் போனது.

மச்சாண்டார் நடந்துபோகும் பாதையில் கூட அவள் குறுக்கே நின்றதில்லை. அவர் குடித்த டம்ளரை அவள் கையால் வாங்கியதில்லை. அவருடைய நெஞ்சுப் பைக்குள் இரண்டு விரலை விட்டு, இருந்த காகிதத்தையெல்லாம் உருவினாள். ஒரு பேனாவும் கூட வந்து தரையில் விழுந்து உருண்டது. தாழ்வாரத்தில் நின்றிருந்த நோயாளிகள் பார்த்தார்கள். அரங்கசாமியின் வாய் திறந்தபடி இருந்தது.

"நூறு பேருக்கு நாயம் பேசறீங்க மாமா" என்றாள் அவள். "காலையிலிருந்து ஒரு புள்ளைய மேல ஏறி உக்காந்து அமுக்கச் சொல்லிப்போட்டு, இன்னொரு ஊசியும் கேட்டீங்க. போட்டிருந்தா இன்னைக்கு எடுத்துட்டுப் போறதுக்குப் பொணந்தான் இருந்திருக்கும்."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"டயசிபாம். ரெண்டு தடவை. சில புள்ளைகளுக்கு இது தூக்கத்தக் குடுக்காது, வெறியத்தான் கூட்டும். அது அடங்கலைன்னு இன்னொண்ணு போட்டிருக்காங்க." தட்டில் இருந்த ஊசியை நர்ஸ் கையில் கொடுத்தாள். "இத எடுத்துட்டுப் போ. காது டாக்டர்கிட்டச் சொல்லி மத்தியானத்துக்குத் தள்ளி வெக்கலாம். உள்ள இருக்கற மருந்து இறங்கட்டும்."

பிரவீனா களைத்துப் பக்கவாட்டில் சுருண்டிருந்தாள். இமை தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. கட்டாத கை ஒன்று அம்மாவின் மடிமேல் கிடந்தது. மணிக்கட்டில் நூல் பதிந்த தடம்.

"இப்பத் தூங்கிருவா. கத்தின களைப்பும் ஊசியும் சேந்து அமுக்கும். எனக்கு வெளிய இன்னும் ஆறு கேஸ் இருக்கு. நர்ஸ் கால்மணிக்கு ஒரு தடவை வருவாங்க. நடுவுல நீங்க மூச்ச எண்ணணும். வயித்தப் பாருங்க. ஏறி எறங்கினா ஒண்ணு. இந்தக் கடிகாரத்துல முள்ளு ஒரு சுத்து வரவரைக்கும். கண்ண எடுக்கக் கூடாது. பன்னெண்டுக்குக் கீழ போனாக் கத்துங்க."

"கத்தலாங்களா?"

"அப்பக் கத்தலாம்" என்றாள் டாக்டர். முதல் முறையாகச் சிரித்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரையை விலக்கிப் போனாள்.

சாந்தாமணி எண்ணினாள். பதினாறு. இன்னொரு சுற்று. பதினேழு.

அதற்குப் பிறகுதான் கையில் இன்னொரு காகிதம் இருப்பதைப் பார்த்தாள். நாலாக மடித்தது. அச்சடித்த தாள். ஏதோ ஒரு மனநல இல்லம். ஊர்ப் பெயர் அவள் கேள்விப்படாதது. எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டத் தேவையில்லாமல் படித்தாள்.

பிள்ளையின் பெயர். வயது. ஆறு மாதத்துக்குப் பார்க்க வர மாட்டோம். தேவைப்பட்டால் கட்டி வைக்கவும் சங்கிலி இடவும் சம்மதிக்கிறேன். டாக்டர் சான்று இணைக்கப்பட்டுள்ளது.

கீழே பாதுகாவலர் என்ற இடத்தில் நீல மையில், ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, தம்பிதுரை கையெழுத்துப் போட்டிருந்தான்.

திரை விலகியது. அவன்தான். கண் வீங்கியிருந்தது. மகளைப் பார்த்து இரண்டடி வந்தான்.

"அங்கயே நில்லுங்க" என்றாள் சாந்தாமணி. டாக்டரின் குரல் போலத் தணிவாக வந்தது. தாளைத் தூக்கிக் காட்டினாள். "இது உங்க கையெழுத்துங்களா?"

"அண்ணன் காட்டின எடத்துல போட்டேன்."

"படிச்சீங்களா?"

"இல்ல."

"சங்கிலி போடச் சம்மதம்னு எழுதியிருக்குது."

அவன் தாளை வாங்கக் கையை நீட்டினான்.

"காதுல பஞ்சு மறந்தீங்க. மறதிங்க. நானும் பத்து நாளா அவ தலையத் தொட்டுப் பாக்காம விட்டேன். அதுக்கு நானும் அனுபவிக்கறேன். இது மறதியில்லைங்க. எனக்குத் தெரியாம, நான் பாலு ஊத்தப் போற நேரம் பாத்து, எம்புள்ளையக் கட்டி ஏத்தியிருக்கீங்க."

"தெருவுல தலை காட்ட முடியலை சாந்தா. கூட்டத்துல எல்லாரும்…"

"வேன் வெளிய நிக்குதுங்களா?"

"நிக்குது."

"போயி அனுப்பிச்சுப்போடுங்க. உங்க அண்ணனையும் ஏத்தி. அவங்க போயிட்டாங்கன்னா நீங்க உள்ள வாங்க. உங்களால அனுப்ப முடியலைன்னா நீங்களும் ஏறிக்குங்க. நானும் என்ற புள்ளையும் பஸ்ஸுல வந்துக்கறோம். எந்த ஊட்டுக்குன்னு அப்பறம் பாத்துக்கறேன்."

"நீ சொல்லிப்போடு சாந்தா. அண்ணங்கிட்ட நான் எப்படி…"

"போங்க. எண்ணறதுக்கு நேரமாச்சு."

அவன் நின்றான். பிறகு போனான். திரை அவன் தோளில் பட்டு ஆடி நின்றது.

அவள் கடிகாரத்தைக் கட்டிலில் வைத்தாள். முள் மேலே வரக் காத்திருந்தாள். வந்ததும் தொடங்கினாள்.

ஒன்று. இரண்டு.

ஜன்னலுக்கு வெளியே அரங்கசாமியின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று பிரித்தறிய முடியவில்லை. சங்கக் கூட்டத்துக் குரல். தம்பிதுரையின் குரல் கேட்கவில்லை. பேசவில்லையா, மெதுவாகப் பேசுகிறானா என்று தெரியவில்லை.

ஐந்து. ஆறு.

வேன் கதவு அறைந்து சாத்தியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கதவு. இன்ஜின் இருமிப் பிடித்தது.

ஜன்னல் நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. எழுந்து போனால் தெரிந்துவிடும், யார் ஏறினார்கள், யார் நின்றார்கள் என்று.

பிரவீனாவின் வயிறு ஏறியது. இறங்கியது.

எட்டு.

வேன் கியர் மாறி வாசலைத் தாண்டியது. தாழ்வாரத்தில் யாரோ நடந்து வரும் சத்தம். ஆணா பெண்ணா தெரியவில்லை. செருப்பு போட்ட கால். இந்தத் திரைக்கு வருகிறதா, அடுத்ததற்குப் போகிறதா.

ஒன்பது.

சாந்தாமணி கண்ணை எடுக்கவில்லை.